மண்ணீரல் இல்லாத என் மகனுக்கு

சொக்கு,

நீ என்னோடு பேசுவதில்லை. சென்னை போய்ச் சேர்ந்ததைச் சொல்ல உமையாள்தான் கூப்பிட்டாள். பின்னால் நீ பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. உன்னைக் கேட்டதற்கு, "அவுக குளிக்கிறாக, அத்தை" என்றாள். குளிக்கிறவன் எதற்குப் பெட்டியை இழுக்கிறான் என்று நான் கேட்கவில்லை. வந்து சில நாள்கூட ஆகாத பெண், அதற்குள் உனக்காகப் பொய் சொல்லத் தொடங்கிவிட்டாளே என்று உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் நீ எடுக்கவில்லை. போனை எடுக்காத பிள்ளைக்குக் கடிதம்தான் கதி. இதை நீ கிழித்துப் போடலாம். ஆனால் படிக்காமல் கிழிக்க மாட்டாய். வடை கட்டிக்கொடுத்த காகிதத்தையும் எண்ணெயோடு விரித்துப் படித்துவிட்டுப் போடுகிறவன் நீ.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. பள்ளத்தூரில் மறுவீட்டு விருந்து. உன் மாமனார் வீட்டுச் சொந்தம் அத்தனையும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. உன் சின்ன மாமனார் உன் முதுகில் தட்டி, மாப்பிள்ளை மொசாம்பிக் போகிறார், நம் ஆட்கள் அந்தக் காலத்தில் பர்மாக் காட்டில் கொசுவுக்கு நடுவே கடை வைத்தவர்கள், நமக்கெல்லாம் ரத்தத்திலேயே எதிர்ப்பு இருக்கிறது என்று பெருமையடிக்கிறார். நீயும் சிரித்துக்கொண்டு, "ஆமா மாமா, பிறவியிலயே வந்த இம்யூனிட்டி" என்கிறாய். அப்போதுதான் நான் கவுனி அரிசிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவனுக்கு மண்ணீரலே இல்லை. காலேஜ் படிக்கும்போது எடுத்தாச்சு. மலேரியா ஊருக்குப் போனா மத்தவங்களுக்கு வர்ற காய்ச்சல் மாதிரி இவனுக்கு லேசா வராது" என்று சொன்னேன். அத்தனை பேரும் வாயில் வைத்ததை மெல்லாமல் என்னைப் பார்த்தார்கள். நீ இலையை மூடிவிட்டு எழுந்தாய்.

நீ எழுந்து போனதால் அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. என்ன சொல்வார்களோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. குறையை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். உன் மாமியார் என் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர் காதில் விழாமல் கேட்டார்: "அப்ப மாப்பிள்ளைக்கு சாப்பாட்டுல ஏதும் பத்தியம் உண்டா, ஆச்சி? தெரியாமப் பரிமாறிட்டமே." அவ்வளவுதான். அந்த அம்மாளின் கவலையெல்லாம் நண்டு ரசத்தைப் பற்றி இருந்தது. பத்தியம் ஒன்றுமில்லை என்று சொன்னதும் நிம்மதியாகப் போய்விட்டார். நீ தலைகுனிந்த இடத்தில் அவர்கள் யாரும் உன்னைக் குனிய வைக்கவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்.

சபையில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாம், தனியாகச் சொல்லியிருக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர், உன் அப்பச்சி. தனியாகத்தானே உன்னிடம் சொன்னேன்? கல்யாணத்துக்கு முந்தைய வாரம் துணிக்கடை வாசலில், பெண்ணிடம் மறைக்காதே என்று சொன்னேன். உமையாளிடம் சொல்லிவிட்டேன் என்றாய். அவளிடம் நீ சொன்னது, "சின்னதா ஒரு வயித்து ஆபரேஷன்" என்று மட்டும்தான். கம்பெனி டாக்டர் ஆபரேஷன் ஏதும் நடந்திருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னதாக நீயே விருந்துக்குக் காரில் வரும்போது சிரித்துக்கொண்டு சொன்னாய். சொன்னால் அனுப்ப மாட்டார்கள், இந்த வேலைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். இல்லாத உறுப்பை வயிற்றுக்குள் இருப்பதாகக் காட்டுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் விமானம் ஏறப்போகிறாய். அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

நான் சபையில் வாயைத் திறப்பது இது முதல் தடவை இல்லை. என் ஓரகத்தி, அதாவது உன் பெரியம்மா, இன்றைக்கும் என்னைச் 'சத்தக்காரி' என்றுதான் சொல்வார். அந்தப் பெயர் வந்த கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. உன் அத்தை கல்யாணம் கண்டனூர் வீட்டில் நடந்தது. வருஷம் முழுக்கப் பூட்டிக்கிடக்கிற வீடு, விசேஷத்துக்குத்தான் திறப்பார்கள். ஊர்த் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது என்று கல்யாணச் சமையலுக்கு வளவு முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணீரைப் பித்தளை அண்டாக்களில் பிடித்துவைப்பது அந்த வீட்டு வழக்கம். வாரக்கணக்கில் நிற்கும், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். தெளிந்த தண்ணீர்தான் மலேரியாக் கொசுவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் பாடம் நடத்திவிட்டு வந்த மருமகள் சொன்னால் யார் கேட்பார்கள்? மூடியாவது போடுங்கள் என்றேன். கிரகணத்துக்கா மூட வேண்டும் என்று கேட்டார்கள்.

உன் அப்பச்சி அப்போது மர வியாபாரத்துக்காக ஒடிசாப் பக்கம் போய்விட்டுத் தங்கை கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார். வந்தவருக்குக் குளிர்காய்ச்சல். பல்லெல்லாம் அடித்துக்கொள்ளும், இரண்டு ஜமுக்காளம் போர்த்தினாலும் அடங்காது. அப்புறம் வேர்த்துக் கொட்டி விட்டுவிடும். மறுநாள் ஒன்றுமே இருக்காது. பந்தல்காரரோடு சண்டை போடுவார், வாழைத்தார் கட்டுவார். "பாத்தியா, போயிருச்சு" என்பார். அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடியும் நடுக்கம். மலேரியாவின் பெரிய ஏமாற்றே அந்த நடுவில் வருகிற நல்ல நாள்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கல்யாண வீட்டில் காய்ச்சல் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று என் ஓரகத்தி வாயைப் பொத்தினார். உன் அப்பச்சியும் அதற்குத் தலையாட்டினார். பெண்ணின் அண்ணன் இல்லாமல் தாலி கட்டுகிற திருப்பூட்டு நடக்குமா என்று அவருக்குப் பயம்.

திருப்பூட்டு நேரத்தில் நடுக்கம் வந்துவிட்டது. மணமேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே நடுங்கினார். தங்கை மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று கூட்டத்தில் ஒரு ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கழுத்துருத் தாலி ஏறிய மறுநிமிஷம் வளவின் நடுவில் நின்று, "இது பாசமில்லை, மலேரியா. யாராவது காரை எடுங்க" என்று கத்தினேன். மேளம் நின்றுபோனது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் கத்தினால் வேறென்ன நிற்கும். அவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தேன். டாக்டர் இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்து, மண்ணீரல் நன்றாக வீங்கியிருக்கிறது, ராப்பகலாய் வேலை பார்க்கிறது என்றார். பாடத்தில் படம் வரைந்து பாகம் குறித்த உறுப்பைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

பரிசோதனைக் கூடத்தில் கெஞ்சிக் கேட்டு அவர் ரத்தத்தை நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுவுக்குள் சின்ன மோதிரம் மாதிரி ஒட்டுண்ணி. கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளையணு, வயிற்றுக்குள் பழுப்பாய்ச் சில பொடிகளோடு இருந்தது. அந்தப் பொடி, ஒட்டுண்ணி ரத்தத்தைத் தின்று போட்ட கழிவு. வெள்ளையணு அதை விழுங்கியிருக்கிறது. என் வீட்டுக்காரருக்குள் அவருக்கே தெரியாமல் ஒருவர் நின்று அவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாத்திரை கொடுத்தார்கள், பிழைத்தார். ஆனால் கல்யாணச் சமையலுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அடுத்த மாதம் அதே குளிர்காய்ச்சலில் படுத்தார். அவர் ஒடிசா பக்கம் போனவரே இல்லை. அண்டாத் தண்ணீரில் பிறந்த கொசு உன் அப்பச்சியைக் கடித்துவிட்டு அவரைக் கடித்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். நல்லவேளை, அவரும் தேறினார். மரியாதைக்காக வாயை மூடிக்கொள்கிறவன் தன் உடம்பை மட்டும் பணயம் வைப்பதில்லை, சொக்கு.

விருந்து முடிந்த அன்று சாயங்காலம் நீ மாடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாய். உமையாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அது இருந்தா என்ன செய்யும், அத்தை?" என்று கேட்டாள். உனக்கு மண்ணீரல் எடுத்து இத்தனை வருஷத்தில் நீ ஒரு நாளும் கேட்காத கேள்வி. கூடவே அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். வகுப்பெடுக்கிறாள் என்று பல்லைக் கடிக்காதே, ஓய்வு பெற்ற வாத்தியார் அம்மாவுக்கு வேறு சுகம் ஏது.

கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு ஒட்டுண்ணி உள்ளே வந்து, கொஞ்ச நேரத்தில் கல்லீரலுக்குள் புகுந்துகொள்ளும். அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ சத்தமில்லாமல் பெருகும். உனக்குத் தலைவலிகூட இருக்காது. ஆனால் கல்லீரல் அணு ஏமாளி இல்லை. உள்ளே வந்தது தன் வீட்டு ஆள் இல்லை என்று மோப்பம் பிடித்து, இன்டர்ஃபெரான் என்ற ஒரு பொருளைக் கசியவிட்டு அக்கம்பக்கத்துக்குச் சொல்லும். காவலுக்கு அணுக்கள் ஓடிவரும். கொஞ்சத்தைக் கொல்லும், கொஞ்சம் தப்பிவிடும். நீ பெருமையாய்ச் சொன்னாயே, பிறவியிலேயே வந்த எதிர்ப்பு, அது இதுதான். இன்ன எதிரி என்று ஆளைத் தெரிந்து அடிக்கிற எதிர்ப்பு இல்லை. வேற்றாளின் சாடையைக் கண்டதும் கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசுகிற எதிர்ப்பு. எதிரியை அடையாளம் கற்றுக்கொண்டு அடிக்கிற எதிர்ப்பு வேறு. மலேரியா ஊரிலேயே பிறந்து, திரும்பத் திரும்பக் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களுக்குத்தான் அது ஓரளவு வரும், ஊரைவிட்டுப் போனால் அதுவும் மங்கிவிடும். பர்மாவில் கடை வைத்தவர்கள் அதை உனக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுக்கவில்லை.

தப்பிய ஒட்டுண்ணிகள் ரத்தத்துக்கு வந்து சிவப்பணுவுக்குள் குடிபுகும். அங்கேதான் அவற்றின் சாமர்த்தியம். மற்ற அணுக்களெல்லாம் உள்ளே திருடன் இருந்தால் அவன் சட்டைத் துணுக்கையாவது வெளியே நீட்டிக் காட்டும். சிவப்பணுவுக்கு அந்த வழியே கிடையாது, அது வாயில்லாப் பூச்சி. உள்ளே தின்று பெருகி, ஒருநாள் அணுவையே வெடித்துக்கொண்டு அத்தனையும் வெளியே கொட்டும். அப்போது சிந்துகிற குப்பை, அந்தப் பழுப்புப் பொடி எல்லாவற்றையும் கண்டு வெள்ளையணுக்கள் ஒரே நேரத்தில் கூச்சல் போடும். அந்தக் கூச்சல் மூளைக்குப் போய்த்தான் குளிரும் காய்ச்சலும். உன் அப்பச்சி மணமேடையில் நடுங்கியது ஒட்டுண்ணியால் மட்டுமில்லை, அவருடைய சொந்தப் படை எழுப்பிய சத்தத்தால். சத்தம் அளவோடு இருந்தால் காப்பாற்றும். அளவு மீறினால் அந்தப் படையே உடம்புக்கு வினையாகும், மூளைவரைக்கும் போய்க் கெடுக்கும். காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டு அந்தச் சத்தத்தை மட்டும் அமுக்கிவிட்டு வேலைக்குப் போகிறவனைப் பற்றி நான் என்ன சொல்ல? கல்யாணத்துக்கு முந்தின நாள் தொண்டை கட்டி உடம்பு சுட்டபோது நீ அதைத்தான் செய்தாய். உன் சட்டைப் பையில் காலியான மாத்திரை அட்டையை நான் எடுத்தேன். மண்ணீரல் இல்லாதவனுக்கு எந்தக் காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று உனக்கு ஆபரேஷன் செய்த மதுரை டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே. உன் அப்பச்சி அன்று செய்ததையே நீயும் செய்திருக்கிறாய்.

இனி மண்ணீரலைப் பற்றி. ரத்தமெல்லாம் அதன் வழியாகப் போகும்போது மிக மெல்லிய இடுக்குகளில் நுழைந்து வர வேண்டும். நல்ல சிவப்பணு வளைந்து நெளிந்து வந்துவிடும். ஒட்டுண்ணி குடியிருக்கிற அணு விறைத்துப்போய் மாட்டிக்கொள்ளும், அங்கே காத்திருக்கிற வெள்ளையணுக்கள் அதைத் தின்றுவிடும். சில சமயம் அணுவைக் கொல்லாமல், புளியிலிருந்து கொட்டையை எடுக்கிற மாதிரி ஒட்டுண்ணியை மட்டும் பிதுக்கி எடுத்துவிட்டு அணுவைத் திருப்பி அனுப்பும். ஆப்பிரிக்காவில் அதிகமாய் இருக்கிற ஒட்டுண்ணி பொல்லாத வகை. அது மண்ணீரலுக்குப் போகாமல் தப்பிக்கவென்றே ரத்தக் குழாய்ச் சுவரில் பிசினாய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக் குழாயை அடைப்பதால்தான் ஆளையே கொல்கிறது. அந்த எமனே பயந்து ஒளிகிற இடம் மனித உடம்பில் ஒன்று உண்டென்றால், அது மண்ணீரல். உன்னிடம் அது இல்லை.

கல்லல் ரோட்டில் குறுக்கே ஆடு வந்து, நீ பைக்கோடு விழுந்து, ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய நாள் உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். எனக்கு முழுதும் இருக்கிறது. ஆபரேஷன் அறையிலிருந்து வந்தவர், கிழிந்துவிட்டது, எடுக்காவிட்டால் பிள்ளை இல்லை என்றார். எடுங்கள் என்று கையெழுத்துப் போட்டது நான்தான். ஒரு உறுப்பைக் கொடுத்து உன்னை வாங்கிக்கொண்டோம். அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் லாபம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நீ நன்றாகவே இருந்துவிட்டாய். ஓடினாய், நீந்தினாய், ராட்டினத்தில் சுற்றினாய். தடுப்பூசிகளை மட்டும் நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போய்ப் போடவைத்தேன். நன்றாக இருப்பதே உனக்கு எதிராக வேலை செய்துவிட்டது. உன் அப்பச்சியின் நல்ல நாள் போல, உன்னுடையது பல வருஷம் நீண்ட நல்ல நாள்.

நீ போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து கப்பலேறிய குடும்பம் இது. வாசலில் நின்று மறிக்க எனக்கு வாய் வராது. அங்கே சூரிய மின்சாரம் போட்டு நாலு ஊருக்கு விளக்கு ஏற்றப்போகிறாய் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்வதும் நான்தான். போகிறவன் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போ என்றுதான் கேட்கிறேன். நாளைக்கே கம்பெனி டாக்டரிடம் போ. மண்ணீரல் இல்லை என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல். அவர் மாத்திரை கொடுத்து, போட வேண்டிய ஊசி போட்டு, பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிற இடமாகப் பார்த்து அனுப்பினால் போய்விட்டு வா. மாத்திரையை அங்கே போன பிறகு மறந்துவிடாதே, திரும்பி வந்த பிறகும் அவர் சொல்கிற வரைக்கும் விடாதே. அங்கே உடம்பு கொஞ்சம் சுட்டாலும், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சு வேண்டாம். நடுச்சாலையானாலும் மீட்டிங்கானாலும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ. போனதும் முதல் வார்த்தையாக மண்ணீரல் இல்லை என்று சொல். ஒருவேளை இந்த உடம்போடு அந்த ஊருக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், போகாதே. வேலை போனால் வேறு வேலை. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், உன் அம்மா ஏற்கெனவே சத்தக்காரி, இன்னும் கொஞ்சம் பேர் கெட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அது கெட்டிக்காரப் பேச்சைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். இப்போது அதை உன் உடம்போடு சேர்த்துத்தான் படிக்கிறேன். அந்த உறுப்பு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையை இனி உன் வாய்தான் செய்ய வேண்டும், ராசா. நீ சொல்லாவிட்டால் உனக்குள் சொல்ல வேறு ஆள் இல்லை.

அன்று இவ்வளவையும் கேட்டுவிட்டு உமையாள் மிச்சமிருந்த காய்க்கும் நாரெடுத்தாள். பயந்துவிட்டாளோ, உன்னோடு ஊருக்குக் கிளம்புகிற பெண்ணைக் கலங்கடித்துவிட்டேனோ என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப அவுக உடம்புல ஒரு ஆள் குறையுது. அம்புட்டுத்தானே? நான் சேந்துக்கிறேன், அத்தை. அவுக சொல்லாட்டி நான் கத்துறேன்." இந்த வீட்டுக்குச் சரியான மருமகள் வந்திருக்கிறாள் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தினால் நீ அவமானப்படாதே. அவளைச் சபையில் விட்டுக்கொடுக்காதே. கண்டனூரில் நான் கத்தியபோது உன் அப்பச்சி காரில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், காரைக்குடி வரும்வரை விடவில்லை. அந்தக் கை ஒன்று போதும் என்று இத்தனை வருஷம் அந்தப் பட்டப்பெயரைத் தாங்கிவிட்டேன்.

உன் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தைச் சொல்லத் தெரியாமல்தான் இவ்வளவு மலேரியா எழுதியிருக்கிறேன். உன்னைப் பிரிந்து இருக்கப் போவதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நீ பேசாமலே போய்விடுவாயோ என்று வேறு பயம். ஆனால் பந்தியில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், மறுபடியும் அந்தப் பந்தி போட்டால் மறுபடியும் சொல்வேன். உனக்குக் கோபமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக அவசரமாய்ச் சமாதானம் ஆக வேண்டாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து கோபமாக இரு. தலை நரைத்து, பல் விழுந்து, உன் பேரப் பிள்ளைகளிடம், என் அம்மா என்னைச் சபையில் வைத்து மானத்தை வாங்கினாள் என்று சொல்லிச் சொல்லித் திட்டு. நூறு வயசுவரைக்கும் என் மேல் கோபமாக இரு, சொக்கு.

அம்மா